தேடப் போனவர்

மேலே ஏறி நின்று குதித்துப் பாருங்கள், தாங்குகிறதா என்று தெரியட்டும் என்றார் சூட் அணிந்த ஒருவர். பாப் பெக்வித் குதித்துப் பார்த்தார். அப்போது அவருக்கு 69 வயது. நியூயார்க் நகரத் தீயணைப்புத் துறையில் 30 ஆண்டுகள் வேலை பார்த்து 1994இல் ஓய்வு பெற்றவர். அவருடைய காலடியில் கிடந்தது, உலக வர்த்தக மையக் கோபுரங்கள் சரிந்தபோது நசுங்கிப்போன ஒரு தீயணைப்பு வண்டி. தாங்கும் என்றார். சரி, முக்கியமான ஒருவர் வருகிறார், கைகொடுத்து ஏற்றிவிட்டு நீங்கள் இறங்கிவிடுங்கள் என்றார்கள். வந்தவர் அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ். பெக்வித் அவரை ஏற்றிவிட்டார். சொன்ன சொல் மாறாமல் இறங்கவும் போனார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டார் புஷ். இறங்கச் சொன்னார்கள் என்றார் இவர். வேண்டாம், இங்கேயே இருங்கள் என்று சொல்லித் தோளைச் சுற்றிக் கைபோட்டுக்கொண்டார் அதிபர்.

2001 செப்டம்பர் 14, வெள்ளிக்கிழமை. அதற்குப் பிறகான சில நிமிடங்கள் உலகம் முழுக்கத் தெரிந்தவை. புஷ்ஷின் கையில் மெகாபோன். கூட்டத்தில் ஒருவர், காதில் விழவில்லை என்று கத்துகிறார். உங்கள் குரல் எனக்குக் கேட்கிறது, உலகத்துக்கும் கேட்கிறது, இந்தக் கட்டடங்களைச் சாய்த்தவர்களுக்கும் நம் எல்லோருடைய குரலும் சீக்கிரமே கேட்கும் என்கிறார் புஷ். ஆரவாரம் எழுகிறது. செப்டம்பர் 24 தேதியிட்ட டைம் இதழின் அட்டைக்கு அந்தக் காட்சி போனது. பெக்வித் அந்த மெகாபோனில் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

2024 பிப்ரவரி 4 அன்று, 91ஆம் வயதில் அவர் இறந்தபோது வெளியான அஞ்சலிகள் எல்லாவற்றிலும் அந்தப் படம்தான் முதலில் வந்தது. புஷ்ஷும் அறிக்கை விட்டார். அன்று தன் பக்கத்தில் பெக்வித் நின்றதைப் பெருமையாகச் சொன்னார். ஒரு மனிதனின் 91 ஆண்டுகளைச் சில நிமிடங்களுக்குள் வைத்துப் பூட்டிவிடுவதில் செய்தித்தாள்களுக்குச் சங்கடம் எதுவும் இல்லை. அவற்றைக் குறைசொல்லியும் பயனில்லை. படம் இல்லாவிட்டால் லாங் ஐலண்டின் பால்ட்வின் என்கிற சிற்றூரில் இறந்துபோன ஒரு முதியவரைப் பற்றி நானோ நீங்களோ படித்திருக்கவே மாட்டோம்.

எனக்கு அந்தப் படம் பிடித்ததில்லை. இன்றைக்கும் பிடிக்காது. மெகாபோனில் அந்தப் பதில் ஒலித்த 23ஆம் நாள் ஆப்கானிஸ்தான் மீது குண்டுகள் விழத் தொடங்கின. 2003 மார்ச்சில் ஈராக், கோபுரங்களைச் சாய்த்த தாக்குதலோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத நாடு. 2021 ஆகஸ்டில் கடைசி அமெரிக்க விமானம் காபூலைவிட்டுக் கிளம்பியபோது, எந்தத் தாலிபானை விரட்டப் போனார்களோ அதே தாலிபான் நகரத்துக்குள் இருந்தது. இடையில் செத்தவர்களில் பெரும்பாலோருக்கு நியூயார்க் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரிந்திருக்காது. இவ்வளவுக்கும் முகப்புப் படமாகிவிட்டது ஒரு வயதான தீயணைப்புக்காரரின் தோள். அந்தத் தோளை அவர் அதற்காகக் கொண்டுவரவில்லை என்பதைத்தான் சொல்ல நினைக்கிறேன். அவரை அந்தப் படத்திலிருந்து கொஞ்சம் கீழே இறக்கி, அவர் எதற்காக அங்கே வந்தாரோ அந்த வேலையிடம் திருப்பிக் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

கோபுரங்கள் தாக்கப்பட்ட செப்டம்பர் 11 அன்று பெக்வித் ஒரு மருத்துவமனையில் இருந்தார். சைக்கிளில் போன அவருடைய பேரனைக் கார் ஒன்று மோதியிருந்தது. ஆறு பிள்ளைகளின் தகப்பன், பத்துப் பேரக் குழந்தைகளின் தாத்தா. அன்று காலை அவருடைய உலகம் அந்த ஒரு கட்டிலுக்குள் இருந்திருக்கும். பிறகு செய்தி வருகிறது. அடுத்த நாட்களில் இன்னொரு செய்தியும்: நண்பர் ஜிம்மி பாயிலின் மகன் மைக்கேலைக் காணவில்லை. ஜிம்மி பாயில் நகரத் தீயணைப்பு வீரர்களின் தொழிற்சங்கத்துக்குத் தலைவராக இருந்தவர். மைக்கேலும் தீயணைப்பு வீரன். பெக்வித் போகிறேன் என்றார். உங்களுக்கு வயதாகிவிட்டது, பேசாமல் இருங்கள் என்றார்கள் வீட்டில். பழைய சீருடையையும் ஹெல்மெட்டையும் எடுத்துக்கொண்டு 14ஆம் தேதி கிளம்பிவிட்டார். காவலுக்கு நின்ற சிப்பாய்களிடம் ஏதேதோ பேசி உள்ளே நுழைந்து, கையோடு கையாக வாளி மாற்றி இடிபாடு அள்ளிக்கொண்டிருந்த வரிசையில் போய் நின்றுகொண்டார். அதிபர் வருவது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அவர் போனது நண்பனின் மகனைத் தேடத்தான்.

தேடுவது அவருடைய தொழில். நம் ஊரில் தீயணைப்பு என்றால் தண்ணீர் பீய்ச்சுவது என்றே மனதில் பதிந்திருக்கிறது. நியூயார்க்கில் அந்த வேலையை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். எஞ்சின் கம்பெனிக்காரர்கள் குழாயை இழுத்துக்கொண்டு போய்த் தீயை அணைப்பார்கள். ஏணிக் கம்பெனிக்காரர்கள் கதவை உடைப்பார்கள், கூரையைத் திறந்து புகைக்கு வழிவிடுவார்கள், உள்ளே சிக்கியவர்களைத் தேடுவார்கள். பெக்வித் குவீன்ஸ் பகுதியில் ஏணிக்காரராக இருந்தவர். அவர்கள் கையில் கோடரியும் ஒரு தினுசான கடப்பாரையும் இருக்கும். ஒரு முனை கவைபோல் பிளந்தது. மறுமுனையில் ஒரு கூரிய மூக்கும் ஒரு தட்டை அலகும். 1948இல் அதே துறையின் உயரதிகாரி ஹ்யூ ஹாலிகன் வடிவமைத்தது. அவர் பெயராலேயே உலகம் முழுக்க அழைக்கிறார்கள். சொந்த அதிகாரியின் கண்டுபிடிப்பைக் காசு கொடுத்து வாங்கினால் பேச்சு வரும் என்று நியூயார்க் தயங்க, முதலில் வாங்கியது பாஸ்டன் என்று ஒரு கதை உண்டு. அரசு அலுவலகங்களை அறிந்தவர்களுக்கு நம்பக் கஷ்டமாக இருக்காது.

எரியும் வீட்டில் மனிதரைத் தேடுவது எப்படி என்று நான் படித்தவரையில், அது கண்ணால் செய்கிற வேலையே இல்லை. புகை கூரையிலிருந்து கீழிறங்கி நிறைக்கும். நின்றால் சூடு, ஆகவே தவழ்ந்துதான் போக வேண்டும். தன் கையே தனக்குத் தெரியாது. ஒரு கையைச் சுவரிலிருந்து எடுக்கக் கூடாது. கண் தெரியாதவர் புது வீட்டில் சுவரைத் தடவிக்கொண்டு நடப்பதுபோல. இடப்பக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டு நுழைந்தால் அதே சுவரைப் பிடித்துக்கொண்டே அறையைச் சுற்றி வாசலுக்கு வந்துவிடலாம். சுவரை விட்டவன் திசையை விட்டான். மறு கையாலும் காலாலும் தரையைத் துழாவ வேண்டும். கதவுக்குப் பின்னால் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஓடிவந்தவர்கள் அங்கேதான் மயங்கி விழுவார்கள். ஜன்னலுக்குக் கீழே பார்க்க வேண்டும். குளியல் தொட்டி, துணி அலமாரி, கட்டிலுக்கு அடியில்.

கட்டிலுக்கு அடியில் பெரும்பாலும் குழந்தைகள் இருக்கும். பெரியவர்கள் தீயைக் கண்டு ஓடுகிறார்கள், சிறு பிள்ளைகள் ஒளிந்துகொள்கிறார்கள். தீயிடமிருந்து மட்டும் ஒளிவதில்லை. முகமூடி போட்டுக்கொண்டு, புஸ் புஸ் என்று மூச்சுவிட்டுக்கொண்டு, தவழ்ந்து வருகிற பூதத்தைப் பார்த்து இன்னும் உள்ளே ஒண்டிக்கொள்ளும். இதற்காகவே அங்கே பள்ளிக் குழந்தைகளைத் தீயணைப்பு நிலையத்துக்கு அழைத்துப் போய், முகமூடியை அவர்கள் கண் முன்னால் போட்டும் கழற்றியும் காட்டுகிறார்கள். பார், உள்ளே மாமாதான் இருக்கிறார், கூப்பிட்டால் ஓடி வா.

பெக்வித் வேலைக்குச் சேர்ந்த 1960களில் முகமூடியும் அரிதுதான். இருந்ததும் கனமானது; எடுத்து மாட்டுகிற நேரத்தில் நாலு அறை தேடிவிடலாம் என்று பலர் அதைத் தொடவே மாட்டார்கள். புகையைத் தின்று பழகியவன் என்பது அந்தக் காலத்தில் பெருமைப் பட்டம். வெளியே வந்து கறுப்பாகச் சளி துப்பிவிட்டு ஒரு சிகரெட்டைப் பற்றவைத்துக்கொள்வார்கள். ஏணிக்காரர்கள் பல நேரம் குழாயில் தண்ணீர் வருவதற்கு முன்பே உள்ளே போய்விடுவார்கள். தீ எரிகிற தளத்துக்கு மேல்தளத்தில் தேடுவார்கள், அந்த வேலையில் அதைவிட ஆபத்தான இடம் இல்லை. இப்படி 30 ஆண்டுகள். யாரென்றே தெரியாதவர்களின் படுக்கையறைகளை இருட்டில் தடவிப் பழகிய கைகளுக்கு, நண்பனின் மகனைக் காணவில்லை என்றால் வீட்டில் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்ப்பது எப்படி முடியும்?

அவர் சேர்ந்து சில ஆண்டுகளுக்குள், 1966 அக்டோபர் 17 அன்று, மன்ஹாட்டன் 23ஆம் தெருவில் ஒரு கடையின் தளம் உடைந்து கீழே எரிந்துகொண்டிருந்த நிலவறைக்குள் விழுந்ததில் தீயணைப்பு வீரர்கள் 12 பேர் செத்தார்கள். 2001வரை அந்தத் துறைக்கு ஒரே நாளில் நேர்ந்த பெரிய இழப்பு அதுதான். பின்பு பிராங்க்ஸும் புரூக்லினும் தெருத் தெருவாக எரிந்த ஆண்டுகள் வந்தன. நகரம் திவாலாகும் நிலை, நிலையங்கள் மூடல், காப்பீட்டுப் பணத்துக்காகத் தங்கள் கட்டடங்களுக்கே தீவைத்த உரிமையாளர்கள். டென்னிஸ் ஸ்மித் என்கிற தீயணைப்பு வீரர் 1972இல் தன் 82ஆம் எஞ்சின் கம்பெனியைப் பற்றி எழுதிய புத்தகம் அந்தக் காலத்தைச் சொன்னது, பெருவாரியாக விற்றது.

ஆனால் அந்த வாழ்க்கையின் பெரும்பகுதி தீ அல்ல, காத்திருப்பு. பகல் முறை ஒன்பது மணி நேரம், இரவு முறை பதினைந்து மணி நேரம். இருவர் பேசிவைத்துக்கொண்டு முறை மாற்றி, ஒரே மூச்சில் 24 மணி நேரம் பார்த்துவிடுவது வழக்கம். எல்லோரும் கையிலிருந்து காசு போட்டுச் சாமான் வாங்கி நிலையத்திலேயே சமைப்பார்கள். அரசாங்கம் சாப்பாடு போடுவதில்லை. ஒரே மேசையில் சாப்பாடு, வசவு, கேலி, அவரவர் வீட்டுக் கதை. பாதித் தட்டில் மணி அடித்தால் எழுந்து ஓட வேண்டும். ஆகவே அந்த மனிதர்களுக்கு இரண்டு வீடுகள். கிறிஸ்துமஸ் இரவு ஒன்றில் இருந்தால் மற்றொன்றில் இருக்க முடியாது. சம்பளம் போதாமல் பலரும் வேறு வேலையும் பார்த்தார்கள். ஆறு பிள்ளைகள் உள்ள வீட்டில் அப்பா தூங்குகிறார், சத்தம் போடாதே என்கிற சொல் எத்தனை பகல்களில் ஒலித்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். குடும்பத்தின் மீது பிரியம் கொண்டவர் என்று இறந்தவரைப் பற்றி எழுதும்போது, பாதி நாட்கள் அவர் இல்லாமலே அந்தக் குடும்பத்தை நடத்திய பெண்ணைப் பற்றி யாரும் ஒரு வரிக்கு மேல் எழுதுவதில்லை.

1978 ஆகஸ்ட் 2ஆம் தேதி நடந்ததை இங்கே சொல்லத்தான் வேண்டும். புரூக்லினில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் தீ. முந்தைய இரவு முறை முடிந்து அன்று காலை கிளம்ப இருந்த ஒரு தீயணைப்பு வீரரை அழைத்துப்போக, அவருடைய மனைவி குழந்தைகளோடு காரில் வந்தார். கணவர் தீக்குப் போயிருப்பதை அறிந்து அங்கேயே போய் நின்றார். அவர் கூரை மேல் நின்றுகொண்டிருந்தார். கீழே மனைவியையும் பிள்ளைகளையும் பார்த்துக் கையசைத்தார். சற்று நேரத்தில் கூரை உள்வாங்கியது. அன்று இறந்தவர்கள் ஆறு பேர். பெக்வித்தின் வீட்டிலும் அந்தச் செய்தி அன்று மாலை பேசப்பட்டிருக்கும். மறுநாளும் அவர் வேலைக்குப் போயிருப்பார்.

2001இல் அந்த இடிபாட்டுக் குவியலில் பெக்வித் மட்டுமே ஓய்வு பெற்ற கிழவர் இல்லை. அன்று இறந்த தீயணைப்புத் துறையினர் 343 பேர். அவர்களில் பலருடைய தகப்பன்மார்களும் அதே துறையில் இருந்து ஓய்வு பெற்றவர்கள். அவர்கள் மகன்களைத் தேடி வந்தார்கள். வந்தவர்கள் திரும்பிப் போகவில்லை. லீ இயெல்பி, இரண்டாம் மீட்புக் கம்பெனியில் இருந்தவர், மகன் ஜொனாதனுக்காக மூன்று மாதம் தோண்டினார். டிசம்பர் 11 அன்று கண்டெடுத்தார்கள்; அவரும், தீயணைப்பு வீரனாகவே இருந்த இன்னொரு மகனும் சேர்ந்து தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். ஜான் விஜியானோ, ஓய்வு பெற்ற கேப்டன். அவருக்கு இருந்த இரண்டு மகன்களும் அன்று போய்விட்டார்கள். இளையவன் ஜோ காவல் துறையில் இருந்தவன், மூத்தவன் ஜான் தீயணைப்பு வீரன். மூத்தவன் 1984இல் வேலைக்குச் சேர்ந்தபோது அவனுக்குக் கொடுக்கப்பட்ட பேட்ஜின் எண் 3436, அவனுடைய தாத்தா அதே துறையில் அணிந்திருந்த எண். ஜோ கிடைத்தான். ஜான் கிடைக்கவில்லை.

அந்தத் தகப்பன்மார்களுக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது. யாருடைய மகன் கிடைத்தாலும் எல்லோரும் நிற்பார்கள். தன் மகன் கிடைத்த பிறகும் மற்றவர் மகனுக்காக வருவார்கள். துறையைச் சேர்ந்த ஒருவரின் உடல் கிடைத்தால் இயந்திரங்கள் நிறுத்தப்படும். அவருடைய கம்பெனிக்குச் சொல்லியனுப்பி, அவர்கள் வந்து கொடி போர்த்தித் தூக்கிப் போகும்வரை இரண்டு பக்கமும் சல்யூட். நவம்பர் தொடக்கத்தில் மேயர் ஜூலியானி, பாதுகாப்பு காரணம் சொல்லிக் குவியலில் தேடும் தீயணைப்பு வீரர்களின் எண்ணிக்கையை வெட்டினார். நவம்பர் 2 அன்று தீயணைப்பு வீரர்கள் ஊர்வலமாக வந்து தடுப்புகளைத் தள்ளினார்கள். போலீஸோடு கைகலப்பு. பலர் கைதானார்கள். ஏழு வாரத்துக்கு முன் அதிபர் தோளில் கைபோட்ட அதே வீரர்கள். நாயகர் பட்டத்தின் ஆயுள் எவ்வளவு என்று அளக்க விரும்புகிறவர்கள் இந்தத் தேதியைக் குறித்துக்கொள்ளலாம்.

இந்தத் தகப்பன்-மகன் சங்கிலியை நெகிழ்ந்து மட்டும் எழுதிவிட முடியாது. தாத்தாவின் பேட்ஜ் பேரனுக்கு வருகிற துறையில், தாத்தா இல்லாதவன் எப்படி நுழைவான்? 1982வரை அங்கே ஒரு பெண்கூடக் கிடையாது. பிரெண்டா பெர்க்மன் என்பவர் வழக்குப் போட்டு, உடல்தகுதித் தேர்வு பெண்களை ஒதுக்கும்படி இருக்கிறது என்று நீதிமன்றம் சொன்ன பிறகுதான் கதவு திறந்தது. திறந்த பின்பும் அவர்களை அந்தச் சாப்பாட்டு மேசையில் பலர் சேர்த்துக்கொள்ளவில்லை. கறுப்பினத் தீயணைப்பு வீரர்களின் வல்கன் சங்கம், எழுத்துத் தேர்வு தங்களை வடிகட்டுகிறது என்று நடத்திய வழக்கு 2014இல் நகரம் 9.8 கோடி டாலர் தர ஒப்புக்கொண்ட பிறகே முடிந்தது. ஒரே மேசையில் பிறந்த அன்புதான் ஜிம்மி பாயிலின் மகனுக்காக 69 வயதுக்காரரைக் கிளப்பியது. அதே அன்பு வாசலில் நின்றவர்களுக்குச் சாத்திய கதவாகவும் இருந்தது. பெர்க்மனும் 2001 செப்டம்பர் 11 அன்று அங்கே போய் வேலை செய்தார் என்பதையும் இதோடு சேர்த்தே எழுத வேண்டும். அவர் தோளில் யாரும் கைபோட்டுப் படம் எடுத்துக்கொள்ளவில்லை.

குவியலிலிருந்து எழுந்த தூசியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. செப்டம்பர் 18 அன்று சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் தலைவர் கிறிஸ்டின் டாட் விட்மன், காற்று சுவாசிக்கத் தகுந்தது என்று அறிவித்தார். 2023 செப்டம்பரில், அந்தத் தூசி தந்த நோய்களால் இறந்த தீயணைப்புத் துறையினரின் எண்ணிக்கை 343ஐத் தொட்டது. அன்று ஒரே காலையில் போனவர்கள் எத்தனை பேரோ அத்தனை பேர் மறுபடியும், ஒருவர் ஒருவராக, 22 ஆண்டுகளில். எண்ணிக்கை பிறகும் நிற்கவில்லை. சிகிச்சைக்கான சட்டம் 2011 ஜனவரியில்தான் கையெழுத்தானது. இழப்பீட்டு நிதியை நிரந்தரமாக்க 2019வரை நோயாளிகள் வாஷிங்டனுக்கு நடையாய் நடந்தார்கள்.

பெக்வித்துக்கு என்ன ஆயிற்று? அவர் மைக்கேல் பாயிலைக் கண்டுபிடிக்கவில்லை. 2002 பிப்ரவரியில் வெள்ளை மாளிகைக்கு அழைக்கப்பட்டு, அந்த மெகாபோனைப் புஷ்ஷிடம் கொடுத்தார். இப்போது அது டாலஸில் புஷ் பெயரிலான நூலகத்தில் கண்ணாடிக்குள் இருக்கிறது. ஊர் ஊராகக் கூப்பிட்டார்கள், போனார். தன்னை ஒரு பெரிய ஆளாக அவர் வைத்துக்கொள்ளவில்லை. கிடைத்த பெயரைத் தீக்காயச் சிகிச்சைக்காக நிதி திரட்டும் தீயணைப்பு வீரர்களின் அறக்கட்டளைக்குத் திருப்பிவிட்டார். எனக்கு அவரிடம் பிடித்தது இதுதான். தீக்காயம் என்பது நாயகர் பட்டத்துக்குப் பிறகு வருவது. படம் எடுத்தவர்கள் போன பின், தோல் ஒட்டுவதும் கட்டு மாற்றுவதும் விரல்களை மறுபடி மடக்கப் பழகுவதுமாகப் பல ஆண்டுகள் நீள்வது. 30 ஆண்டுகள் அறைகளில் தேடியவருக்கு, வெளியே தூக்கி வந்தால் வேலை முடிந்தது என்று தோன்றாது.

அந்தத் தொழிலில் தேடல் இரண்டு முறை நடக்கும். முதல் தேடல் தீ எரியும்போதே, அவசரமாக. தீ அடங்கிய பிறகு இரண்டாவது தேடல். முடிந்தவரை வேறு ஆட்களைக்கொண்டு, அதே அறைகளை முதலிலிருந்து, நிதானமாக. முதலில் போனவன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் சரி, அவனுடைய சொல்லை நம்பி விட்டுவிடுவதில்லை. உலக வர்த்தக மைய இடத்தில் குவியலை அள்ளும் வேலை 2002 மே 30 அன்று முடிந்தது. இரண்டாவது தேடல் மன்ஹாட்டனில், நகரத் தலைமை மருத்துவப் பரிசோதகரின் ஆய்வகத்தில் தொடர்கிறது. விரல் நகத்தைவிடச் சிறிய எலும்புத் துண்டுகள் பல. தீ, நீர், பூஞ்சை, விமான எரிபொருள் என எல்லாம் பட்டவை. ஒருமுறை விடை சொல்லாத துண்டை, டிஎன்ஏ பிரித்தெடுக்கும் புதிய முறை வந்ததும் மறுபடி எடுத்துப் பொடித்துப் பார்க்கிறார்கள். அன்று தகப்பன்மார்களோடு நின்றவர்களுக்குப் பதிலாக இப்போது அங்கே இருப்பவர்களில் சிலர், கோபுரங்கள் விழுந்தபோது பள்ளிக்கூடத்தில் இருந்தவர்கள்.

பெக்வித் இறப்பதற்குச் சில நாட்கள் முன்பு, 2024 ஜனவரியில், ஒருவர் அடையாளம் காணப்பட்டார். பெயர் கிடைத்தவர்களில் அவர் 1,650ஆமவர். 2025 ஆகஸ்டில் மேலும் மூன்று பேர். நியூயார்க்கில் இறந்த 2,753 பேரில் அதற்குப் பிறகு மிச்சம் 1,100 பேர். பேட்ஜ் எண் 3436ஐ அணிந்திருந்த ஜான் விஜியானோவும் அவர்களில் ஒருவன்.